நடுச்சத்தம் இல்லாத சாமி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற மினிபஸ், வெள்ளிக்கிழமை மட்டும் ஸ்டாப் இல்லாத இடத்தில் நிற்கும். ஒரு டிரைவர் நிறுத்தாமல் போய்ப் பார்த்தார். அடுத்த வாரமே பஸ் பஞ்சரானது. ரோடு முழுக்கக் கருவேல முள் கிடக்கிற சீமையில் டயர் பஞ்சராவது எவ்வளவு பெரிய அதிசயம்! அன்றிலிருந்து அது ஸ்டாப்.

இறங்குகிற கூட்டம் அங்கே இங்கே பார்க்காது. நேராகத் தகரக் கொட்டகைக்குள் போகும். சுற்றிலும் கரிசல் காடு. மழை ஏய்த்து ஏய்த்து, கம்பும் விளையாமல் பருத்தியும் விளையாமல் கிடந்த நிலம். கடைசியில் அதில் ஒரு சாமி விளைந்தது.

சாமி என்றால் சிலை இல்லை, கல் இல்லை, வேல் இல்லை. ஒரு பெட்டி. கறுப்பு நிறம், இடுப்பு உயரம், முன்பக்கம் வலை போட்ட மூஞ்சி, அடியில் நாலு சக்கரம். மேல்பக்கத்தில் இருந்த திருகுகள் எல்லாம் சந்தனத்துக்குள் மூழ்கியிருக்கும். நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம். வயிற்றில் பெரிய குங்குமப் பொட்டு. பெயர், பெட்டிச்சாமி.

"இது ஸ்பீக்கர் மாதிரியில்ல இருக்கு?" என்று முதல் வாரத்தில் எவனோ கேட்டுவிட்டான்.

"சாமி கல்லுல இறங்கலாம், மரத்துல இறங்கலாம், ஸ்பீக்கர்ல மட்டும் இறங்கக்கூடாதோ?" என்றார் அழகுராஜா.

கேட்டவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எவனும் கேட்கவில்லை.

அழகுராஜாதான் பெட்டிச்சாமியின் வாக்கை விளக்கிச் சொல்கிறவர். ஐம்பது வயது, தோள் வரைக்கும் முடி, காவி வேட்டி, விரலெல்லாம் மோதிரம். போன வருஷம் வரைக்கும் அவர் என்ன தொழில் பார்த்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவனிடம் ஆதார் கார்டு கேட்கிற ஊர் இது. சாமியாரிடம் பெயரைக்கூடக் கேட்காது.

பெட்டிக்குச் சேலை சாத்தினால் நினைத்தது நடக்கும். நெசவுக்கார ஊரில் சேலைக்கா பஞ்சம்? ஒரு வெள்ளிக்கிழமைக்கு அறுபது சேலை விழும். ஒவ்வொன்றும் பெட்டியின் மேல் இரண்டு நிமிஷம் கிடக்கும். அப்புறம் கொட்டகையின் பின்பக்கத் தார்ப்பாய்க்குப் போகும். அங்கிருந்து மதுரை ஜவுளிக்கடைக்குப் போகும். தான் நெய்த சேலையையே மதுரையில் காசு கொடுத்து வாங்கிவந்து மறுபடியும் சாத்தினவர்கள் உண்டு. போன வாரம் கட்டியதையே இந்த வாரமும் கட்டுவதில் பெட்டிக்குக் கூச்சம் கிடையாது.

சேலைகளைப் பின்பக்கம் கொண்டுபோகிறவன் அழகுராஜாவின் மச்சினன் மாரிச்செல்வம். வாக்கு நேரத்தில் அவன் மட்டும் கண்ணில் படமாட்டான். "பின்னால தியானத்துல இருக்கான்" என்பார் அழகுராஜா.

மணி அடிப்பார்கள். கூட்டம் மூச்சை அடக்கும். பெட்டி பேசும்.

"ம்ம்பூம்... டும்ம்ம்பு... பூம்மும்ம்ம்..."

அடிவயிறு அதிரும். தாம்பாளத்தில் இருக்கிற சில்லறை குதிக்கும். கொட்டகைத் தகரம் நடுங்கும். அழகுராஜா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொல்வார்: "சாமி சொல்லுது, கிணத்தை இன்னும் அம்பது அடி ஆழமாக்கு. சாமி சொல்லுது, மருமகளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பாத."

கூட்டத்தில் ஒருத்தருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் விளங்கவில்லை என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். முதல் வாரமே பெட்டி ஒரு சட்டம் போட்டிருந்தது. அதாவது அழகுராஜா போட்டிருந்தார். பாவம் செய்யாதவன் காதுக்குத்தான் சாமியின் சொல் விளங்கும். போதாதா?

"கேட்டுச்சா?"

"தெளிவாக் கேட்டுச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"அதை வெளிய சொல்லக்கூடாதுல்ல!"

காட்டுவேலைக்காரர்கள், சாமி தெலுங்கு பேசுகிறது என்று நினைத்தார்கள். தெலுங்குக்காரர்கள், அது கன்னடம் என்றார்கள். கன்னடக்காரர்கள், இது பழைய காலத்துச் சுத்தத் தமிழ் என்று சொல்லி ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்கள்.

இந்தப் பொய் இந்த ஊரில் இவ்வளவு சுலபமாக வேர் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. விசைத்தறி.

தறி ஷெட்டுக்குள் நின்று பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் நிற்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். பத்து வருஷம் அந்தச் சத்தத்தில் நின்றால் காது பாதி செத்துப்போகும். செத்ததை எவனும் வெளியே சொல்லமாட்டான். சொன்னால் செவிடன் என்று பெயர் விழும். கல்யாணப் பேச்சு தட்டிப்போகும். முதலாளி வேறு ஆள் பார்ப்பார். அதனால் எல்லோரும் ஒரு வித்தை பழகியிருந்தார்கள். எதிரில் நிற்கிறவன் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி, "ஆமாமா, சரியாச் சொன்னீக." கொஞ்சம் சிரிப்பும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. இழவு வீட்டில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் முன்னால் ஒரு பெட்டி வந்து முனகினால் என்ன நினைப்பார்கள்? பெட்டியில் கோளாறு என்றா நினைப்பார்கள்? நம் காதில்தான் கோளாறு, அது பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பார்கள். உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம் என்றால், பெட்டிக்கு உதடும் இல்லை.

அந்த மாதிரித் தலையாட்டிகளில் ஒருவன் திம்மையா. பதினாறு வருஷமாகத் தறி ஓட்டுகிறவன். அவன் மனைவி நாகமணி அதே ஷெட்டில் நூல் சுற்றுகிறாள். மகள் வேணிக்கு ஏழு வயது. வேணிக்கு இடது காதில் ஒரு வருஷமாகச் சீழ் வடிகிறது. மதுரையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "உள்ள எலும்பை அரிக்குது. விட்டா மூளை வரைக்கும் போயிரும். ஆப்பரேஷன் பண்ணணும்" என்று நாள் குறித்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை.

அதற்குப் பதினோரு நாளைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, திம்மையா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நாகமணியும் கூட வர, பெட்டிச்சாமி முன்னால் போய் நின்றான்.

"ம்ம்பும்ம்... டூம்ம்" என்றது பெட்டி.

"கத்தி ஆகாதுன்னு சொல்லுது சாமி" என்றார் அழகுராஜா. "கத்தி பட்டா பிள்ளை ஊமையாயிரும். பதினோரு வெள்ளிக்கிழமை காதைப் பெட்டில ஒட்டி வை. சீழை எல்லாம் சாமி உறிஞ்சிக்கிரும்."

"அப்பா, வலிக்குதுப்பா" என்று கத்தியது பிள்ளை. சீழ் பிடித்த காதைப் பதினைந்து அங்குல ஸ்பீக்கரில் ஒட்டி வைத்தால் வலிக்காமல் இனிக்குமா? "நோவு வெளிய வருது, அதான் வலி" என்றார் அழகுராஜா. திம்மையா தலையை ஆட்டினான். நாகமணி பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் சண்டை.

"சாமி சொல்லிருச்சு நாகமணி. செவ்வாக்கிழமை போகவேண்டாம்."

"சாமி சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சாமி 'கத்தி'ன்னு சொல்லுச்சா, 'கத்திரி'ன்னு சொல்லுச்சா?"

திம்மையா தண்ணீர் குடிக்கப் போனான்.

மறுநாள் நாகமணி ஷெட்டில் ஒரு காரியம் செய்தாள். நூல் கொண்டுபோகிற சாக்கில் ஒவ்வொருவராகத் தனியாகப் பிடித்து உதட்டசைவில் கேட்டாள். என் பிள்ளைக்குச் சாமி என்ன சொல்லுச்சு?

முதல் ஆள் மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னதாகச் சொன்னான். அடுத்தவன், பேரை மாத்தச் சொல்லுச்சு என்றான். பெத்தம்மாள் என்கிற கூட்டிப் பெருக்குகிற அம்மா, "இருக்கங்குடி கோயிலுக்கு நடந்து போகச் சொல்லுச்சேம்மா, நீ கேக்கலியா? ஐயோ பாவம்" என்று இவளையே பார்த்துப் பரிதாபப்பட்டாள். ஒரே சாமி, ஒரே வாக்கு, ஆறு பேரிடம் கேட்டதில் ஆறு மருந்து. நாகமணிக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது. மீதிப் பாதியைப் பால் விளக்கியது.

அதே வெள்ளிக்கிழமை, இவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவந்த பிறகு, காரியாபட்டியிலிருந்து வந்த ஒரு பக்தர் பரவசத்தில் ஒரு குடம் பாலைப் பெட்டியின் தலையில் கவிழ்த்துவிட்டார். கல்லுச்சாமி என்றால் குளிர்ந்திருக்கும். இது கரண்டுச்சாமி. புகை வந்தது. "கொர்ர்ர்" என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் எதுவுமே வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பதாவது வாரப் பெருவிழா. போஸ்டர் ஒட்டியாயிற்று. செல்போன்களில் வீடியோ பறக்கிறது. சாமிக்கு ரிப்பேர் என்று வெளியே சொல்ல முடியுமா? "சாமி நீராடப் போறாரு" என்றார் அழகுராஜா. சேலை போர்த்தி லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். கூடப் போகிற பாக்கியம் யாருக்கு? பிள்ளைக்காக உருகிக்கொண்டிருந்த திம்மையாவுக்கு. நாகமணி கேட்காமலேயே வேணியோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

சாமி நீராடிய இடம், பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டு ஓரத்தில் இருக்கிற தங்கலட்சுமியின் சவுண்டு சர்வீஸ் கடை. தங்கலட்சுமிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மைக் செட்டும் ஆம்ப்ளிபயரும் ரிப்பேர் பார்க்கிறவர். லாரிச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி, பேச்சில் பவுடர் பூசுகிற பழக்கமே போய்விட்டது. ஆட்டோ வந்து நிற்கும்போதே அவர் போன் அடித்தது. அழகுராஜா.

"தங்கலட்சுமிக்கா, பால் மட்டும் தொடச்சுக் குடுங்க. பழையபடியே இருக்கணும். நடுச்சத்தத்துல மட்டும் கைய வச்சிராதீக."

"ஏன், வச்சா என்ன?"

போன் கட்டானது.

தங்கலட்சுமி சேலையை உருவிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். "அட, நம்ம பேஸ் ஆம்ப்ளிபயரு! கல்யாணக் கச்சேரில கிட்டாரு வாசிக்க வச்சிருந்த பெட்டியில்ல? இதுக்கா இம்புட்டுப் பொட்டு?"

"அக்கா, மரியாதையாப் பேசுங்க. சாமி" என்றான் திம்மையா.

"சரி, சாமி. அந்த ஸ்க்ரூ டிரைவர எடு." பின்பக்க மூடியைக் கழற்றினார். திம்மையா பயபக்தியோடு எட்டிப் பார்த்தான். தகடு, கம்பி, கரிந்த பால்.

"சாமி எங்கிட்டுக்கா இருக்காரு?"

"செத்த பல்லி ஒண்ணு கிடக்கு. அவருதானான்னு பாத்துச் சொல்லு."

வேணி சிரித்தாள். நாகமணி சிரிப்பை அடக்கினாள். தங்கலட்சுமி பால் ஏட்டைச் சுரண்டிக்கொண்டே ஒரு இடத்தில் விரலை வைத்தார். முகம் மாறியது.

"இது எங் கை வேலை. கச்சேரியெல்லாம் போயி டிஜே வந்த நேரம். கச்சேரில கிட்டாரு வாசிச்ச இந்த அழகுராஜா, வேலை இல்லாம, பெட்டியத் தூக்கிட்டு வந்தாப்ல. 'நடுச்சத்தம் சுத்தமா வேண்டாங்க்கா, பேசுனா வயித்துல மட்டும் இடிக்கணும்'னாப்ல. நானும் கிட்டாருக்குன்னு நெனச்சு, நடுத் திருகக் கழட்டிட்டு ஒரு கம்பியப் போட்டு எர்த்துல இறக்கிவிட்டேன். நடுச்சத்தம் பூராம் மண்ணுக்குப் போயிரும். இந்தக் கூத்துக்கா கேட்டிருக்கான்!"

"நடுச்சத்தம்னா என்னக்கா?" என்றாள் நாகமணி.

"சத்தத்துல மூணு சாதி உண்டு புள்ள. அடிச்சத்தம் வயித்துல இடிக்கும். மேச்சத்தம் காதுல குத்தும். மனுசன் பேசுற சொல்லு பூராம் நடுவுலதான் இருக்கு. நடுவ வெட்டிட்டா, கலெக்டரு பேசுறதும் எருமை கத்துறதும் ஒண்ணுதான்."

காய்ந்த பலகையைத் திரும்பப் பொருத்தி, ஒரு மைக்கைச் சொருகி வேணி கையில் கொடுத்தார். "பாப்பா, ஒன் பேரச் சொல்லு."

"ம்பூம்ம் டும்பூ" என்றது பெட்டி. கடைத் தகரம் அதிர்ந்தது. அச்சு அசல் பெட்டிச்சாமி.

திம்மையாவின் வாய் திறந்தபடி நின்றது. தங்கலட்சுமி சாலிடர் வைத்தார். கம்பியை வெட்டினார். அந்த இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு ரெசிஸ்டன்ஸைப் பற்ற வைத்தார். பழைய கம்பிக்கும் புதுசுக்கும் நடுவில் ஒரு சின்ன சுவிட்சைப் போட்டு, அதைப் பின்பக்கம் வெளியே நீட்டிவிட்டார். மேலே தள்ளினார்.

"இப்பச் சொல்லு பாப்பா."

"எம்பேரு வேணி. எங்கப்பா பேரு திம்மையா. எனக்குக் காது வலிக்கிது."

திம்மையா கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். 

"இவ குரல் இப்படியாக்கா இருக்கும்?" என்றான். "நான் இம்புட்டு நாளா இவ உதட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நாகமணி திரும்பி ரோட்டைப் பார்த்தாள். ஒரு லாரி போனது. இன்னொன்றும் போனது.

"எனக்குக் காது கேக்காதுக்கா" என்றான் திம்மையா, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "அதான் சாமி சொல்லும் விளங்கல. எல்லாருக்கும் விளங்குது, எனக்கு மட்டும் விளங்கல. இந்தச் சுவிட்சத் தள்ளுனா சாமி பேசுறதும் இப்படித் தெளிவாக் கேக்குமா?"

தங்கலட்சுமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இந்தப் பெட்டி தானாப் பேசாது. இந்தா இந்த ஓட்டைல ஒயரு சொருகி, அந்த மொனையில யாராச்சும் பேசணும்."

"அது சாமிதான்."

"சரி, சாமியாவே இருக்கட்டும். நான் சொல்லி நீ நம்பவேண்டாம். சுவிட்சு கீழ இருந்தா அழகுராஜா கேட்ட மாதிரி. மேல இருந்தா ஒம்மகளக் கேட்ட மாதிரி. கீழ தள்ளி வச்சுத்தான் தாரேன். மேல தள்ளுறது ஒம்பாடு."

இப்படியாக, பெட்டிச்சாமிக்கு எதிராக யாரும் சதி செய்யவில்லை. சாமி சொல்வதை ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்று ஒரு பக்தன் ஆசைப்பட்டான். அவ்வளவுதான்.

நாற்பதாவது வெள்ளி. கொட்டகை நிரம்பி, காட்டிலும் ஆள் நின்றது. சீரியல் லைட்டு, கொட்டு, ஐஸ் வண்டி. பெட்டிக்குப் புதுச் சந்தனம். சாமியை நீராட்டிக் கொண்டுவந்த திம்மையாவுக்குப் பெட்டியின் பின்னால் நிற்கிற மரியாதை. முன்னால் நாகமணி, தோளில் வேணி. ஒப்புக்குக் கூட்டத்தோடு வந்து ஓரமாக நின்றிருந்தார் தங்கலட்சுமி.

மணி அடித்தது.

"ம்ம்பூம்ம்... டும்ம்பும்ம்ம்..."

"சாமி குளிர்ந்துட்டாரு" என்றார் அழகுராஜா. "திம்மையா மகளை முன்னால கொண்டு வா. சாமி சொல்லுது, கத்தி வேண்டாம், கத்தி வேண்டாம், கத்தி..."

திம்மையா கண்ணை மூடிக் கும்பிட்டான். கும்பிட்ட கையாலேயே சுவிட்சை மேலே தள்ளினான்.

"...ஏழு மணிக்கு உக்காந்தேன், இன்னும் ஒரு டீ வரல. மச்சான், ஒங்களுக்கு மேடை, எனக்குக் கொசுக்கடி. நேத்து பரோட்டா வாங்கிக் குடுத்தீகளே, சால்னாவ எங்கிட்டு ஊத்திட்டு வந்தீக?"

முன்வரிசை கும்பிட்ட கையோடு பெட்டிப் பக்கம் காதைத் திருப்பியது. பிறகு பெத்தம்மாள் வீறிட்டாள்.

"எனக்குக் கேக்குது! எம்பாவம் தீந்துருச்சு!"

"எனக்கும் விளங்குது!"

"எனக்கும்! சாமி தமிழ்லதாம்ப்பா பேசுது!"

ஆணும் பெண்ணும் அழுதார்கள். நாற்பது வாரத்தில் முதல் தடவையாக எல்லோர் பாவமும் ஒரே நேரத்தில் தீர்ந்திருந்தது. "சாமி சால்னா கேக்குதுப்பா, எவனாச்சும் வண்டிய எடுங்க" என்று ஒருவர் ஓடினார். அழகுராஜாவின் முகத்தில் மட்டும் பக்தி இல்லை. வேர்வை இருந்தது.

பின்பக்கத் தார்ப்பாய்க்குள் மாரிச்செல்வம் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான். பெட்டியின் இடி தாங்காமல் காதில் பஞ்சு அடைத்திருந்தான். நாற்பது வாரமாக, எவனுக்கும் விளங்காது என்கிற தைரியத்தில், மனசில் இருப்பதை எல்லாம் அந்த மைக்கில்தான் கொட்டிவந்தான். அன்றும் கொட்டினான்.

"அறுவது சேலை வருதே, எங்கக்காளுக்கு ஒண்ணு குடுத்தீகளா? ஒங்க ஒடம்பொறந்தா கட்டிக்கிட்டுத் திரியிறா. இதுல செவ்வாக்கிழமை மதுரைக்கு நாந்தான் கூட வரணுமாம், ஒங்க மூலத்துக்கு ஆப்பரேசனுக்கு. எண்ணெயத் தடவுங்க மச்சான், சரியாப் போகும்னு சொன்னேன். எனக்கே புத்தி சொல்றீக, 'ஏலே முட்டாப்பயலே, கத்தி வச்சாத்தான்டா குணமாகும், டாக்டரு சொல்றதக் கேக்கணும்டா'ன்னு..."

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். சாமிக்கு எதற்கு மச்சான்? மச்சானுக்கு எதற்கு மூலம்?

"பெட்டிக்குள்ள பகைச்சக்தி பூந்துருச்சு!" என்று எழுந்தார் அழகுராஜா. "கரண்ட அமத்துங்க!"

திம்மையா சுவிட்சைக் கீழே தள்ளினான். "ம்ம்பூம்ம்."

"இப்பப் போயிருச்சா சாமி, பகைச்சக்தி?"

அழகுராஜா மூச்சு வாங்கினார். "போயிருச்சு. போயிருச்சு."

"அப்பச் சரி. இப்ப என்ன சொல்லுதுன்னு நீங்க சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் மேல தள்ளுவேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா நாந்தான் பாவி. எம்மகளை இப்பவே பெட்டில ஒட்டி வைக்கிறேன்."

அவ்வளவு பெரிய கூட்டம் அழகுராஜாவின் வாயையே பார்த்தது. தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"சாமி சொல்லுது... ஐப்பசில மழை உண்டு. மக்கள் ஒத்துமையா இருக்கணும்."

திம்மையா மேலே தள்ளினான்.

"...கொசுவர்த்தியும் தீந்துபோச்சு. ஒரு மனுசன் இதுல எப்படித்தான் சாமியா இருக்கிறது?"

முதலில் சிரித்தது வேணி. அப்புறம் கொட்டகையே சிரித்தது. நாகமணி பிள்ளையைத் தங்கலட்சுமி கையில் கொடுத்துவிட்டு நேராகப் போய்த் தார்ப்பாயை ஒரே இழுப்பில் இழுத்தாள். சேலை மூட்டையின் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தான் மாரிச்செல்வம். ஒரு கையில் மைக், ஒரு கையில் விசிறி. வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "முடிஞ்சிருச்சா? பரோட்டா வந்துருச்சா?" என்றான். அதையும் பெட்டி தெளிவாக ஒலிபரப்பியது.

பிறகு நடந்ததில் கொஞ்சம் அடி உண்டு. நிறையச் சேலை உண்டு. எது யாருடைய சேலை என்று தெரியாமல் பெண்கள் இழுத்துக்கொண்டார்கள். சால்னா வாங்கப் போனவர் தூக்குவாளியோடு திரும்பிவந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஏப்பா, அம்புட்டுப் பேரும் விளங்குது விளங்குதுன்னு தலைய ஆட்டுனீகளே" என்று தங்கலட்சுமி சத்தம் போட்டார். "என்ன விளங்குச்சு ஒங்களுக்கு?"

 எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். திம்மையா பெட்டிக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தான். முன்னால் இழுத்துவரப்பட்டிருந்த மாரிச்செல்வத்தின் கையிலிருந்து மைக்கை வாங்கினான். சுவிட்சு மேலேயே இருந்தது.

"எனக்குக் காது கேக்காது. பத்து வருசமாக் கேக்காது. தறில போச்சு. எனக்கு ஒண்ணும் விளங்கல. விளங்காமத்தான் எம்புள்ளையக் கொண்டுவந்து இதுல ஒட்டி வச்சேன்."

கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. "எனக்கும் கேக்காதுப்பா." இன்னொரு கை. பிறகு எண்ண முடியவில்லை. பெத்தம்மாள் மட்டும் கையைத் தூக்காமல் நின்றாள். பக்கத்தில் இருந்தவள் தோளைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள். பெத்தம்மாள், "ஆமாமா, சரியாச் சொன்னீக" என்று தலையை ஆட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில், மதுரை பஸ்ஸில் திம்மையாவும் நாகமணியும் வேணியும் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுகளுக்கு நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு அழகுராஜா நின்றிருந்தார். முடி வெட்டியிருந்தார். மோதிரம் இல்லை.

"சீட்டுத்தான் காலியாக் கிடக்கே, உக்காருங்கண்ணே" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும், இருக்கட்டும்."

"அவரால உக்கார முடியாது" என்றாள் வேணி, பஸ் முழுக்கக் கேட்கும்படி. காரியாபட்டி தாண்டும் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. திம்மையா மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்களுக்கும் கத்திதான். எம்புள்ளைக்கும் கத்திதான்" என்றான். "ஒங்களுக்கு மட்டும் அது முன்னாடியே தெரிஞ்சிருக்கு." அழகுராஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு மடமடவென்று விவரம் சொன்னார். எத்தனை மணி நேரம் ஆகும், எந்த இடத்தில் வெட்டுவார்கள், அப்புறம் எப்படிப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று. உதடு தெரியவில்லை. திம்மையாவின் தலை வழக்கம்போல மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. பாதியில் நின்றது.

"எனக்குக் காது மந்தம் டாக்டர். விளங்கல. இன்னொருக்கச் சொல்லுங்க."

டாக்டர் மாஸ்க்கைக் கீழே இறக்கினார். மெதுவாக, முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை திம்மையா ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டான். பிறகுதான் பிள்ளையை உள்ளே அனுப்பினான்.

விளங்கவில்லை. இந்த ஒரே ஒரு சொல்தான். அதை முதல் வெள்ளிக்கிழமை ஒருத்தர் எழுந்து சொல்லியிருந்தால், அந்தப் பெட்டி அன்றைக்கே கல்யாண வீட்டுக்குக் கிட்டார் வாசிக்கப் போயிருக்கும். பாவி என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்து நாற்பது வாரம் முட்டாளாக இருந்தோம்.

இப்போது பந்தல்குடிக்குத் தெற்கே ஒரு பம்புசெட்டு மோட்டார் அருள்வாக்கு சொல்கிறதாம். கூட்டம் அலைமோதுகிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். காது செத்திருந்தாலும் பரவாயில்லை. அது தறியில் போனது, உங்கள் குற்றமில்லை. மூளை எந்தத் தறியிலும் போகவில்லை. அதை மட்டும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.